பத்து வாட் கணிப்பொறி போதாதா?

மேல்நிலை வகுப்பில் கணிப்பொறி அறிவியல் பிரிவில் சேர்ந்த பிள்ளைக்கு வீட்டில் ஒரு கணிப்பொறி தேவைப்படுகிறது. பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டைப் பக்கம் மூன்று ஏக்கரில் பருத்தியும் மக்காச்சோளமும் பயிரிடும் குடும்பம் அது என்று வைத்துக்கொள்வோம். கடையில் விசாரித்தால், "சின்னதாக வாங்கினால் திறன் போதாது, இரண்டே வருடத்தில் வேறு வாங்க வேண்டி வரும். கொஞ்சம் கடன் பட்டாலும் பெரியதாகவே வாங்கிவிடுங்கள்" என்று சொல்கிறார்கள். தந்தை யோசிக்கிறார். தாயின் தோடு அடகுக்குப் போகிறது. பெரிய பெட்டி வீட்டுக்கு வருகிறது. அல்லது, அவ்வளவு பணத்துக்கு வழியில்லை என்று எந்தப் பெட்டியும் வராமலே போகிறது. இரண்டாவதாகச் சொன்னதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது.

கடைக்காரரின் அறிவுரை சரியா? அறிவியல் மாணவர்களாகிய நாம் யார் சொன்னார் என்று பார்க்காமல், அளந்து பார்த்து விடை காண வேண்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி மாணவர் ஒருவர் அன்றாடம் செய்யும் வேலைகளில் மிகப் பெரும்பகுதிக்கு, உள்ளங்கை அளவே உள்ள, 5 முதல் 10 வாட் மின்சாரத்தில் ஓடும் சிறு கணிப்பொறி போதும். பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களின் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் அதுவே கூடுதல் பொருத்தம். அது ஏழைக்கென்று ஒதுக்கப்பட்ட இரண்டாந்தரப் பொருள் அன்று. ஏன் என்று பார்ப்போம்.

'திறன்' என்ற சொல்

இயற்பியல் பாடத்தில் 'திறன்' என்றால் ஒரே பொருள்தான். ஒரு வினாடியில் செலவாகும் ஆற்றல் அது. அதன் அலகு வாட். கடையில் சொல்லப்படும் 'திறன்' வேறு. அது கணிப்பொறியின் செயல்வேகத்தைக் குறிக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதால், மின்சாரத்தை அதிகம் உண்ணும் பெட்டியே நமக்கு அதிகம் உழைக்கும் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. இரட்டை மாட்டு வண்டி ஒற்றை மாட்டு வண்டியைவிட அதிகச் சுமை இழுக்கும் என்பது உண்மையே. ஆனால் ஒரு படி உப்பு வாங்கிவர இரட்டை மாடு பூட்டுவார் உண்டா?

நம் வேலை எவ்வளவு சுமை உடையது என்று கணக்கிடலாம். ஒருவர் நிமிடத்திற்கு 200 விசைகளை அழுத்தித் தட்டச்சு செய்வதாகக் கொள்வோம். அடுத்தடுத்த இரு விசைகளுக்கு இடையே 0.3 வினாடி கிடைக்கிறது. வினாடிக்கு 100 கோடி முறை துடிக்கும் ஒரு நுண்செயலி, அதாவது 1 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள நுண்செயலி, அந்த இடைவெளியில் 30 கோடி முறை துடித்துவிடும். ஓர் எழுத்தைத் திரையில் காட்ட இவற்றில் மிகச் சிறு பங்கே செலவாகிறது. மீதி நேரம் முழுவதும் அது நம்முடைய அடுத்த விரலசைவுக்காகக் காத்துக் கிடக்கிறது.

தமிழக மேல்நிலைப் பாடத்திட்டத்தில் சி++, பைத்தான் ஆகிய நிரல்மொழிகள் இடம்பெற்றுள்ளன. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ஸ்கிராட்ச் பற்றிய பாடம் உண்டு. இப்பாடங்களில் வரும் நிரல்கள் எல்லாம் சிறு கணிப்பொறியில் கண் இமைக்கும் நேரத்தில் ஓடி முடியும். பத்து இலட்சத்துக்கு உட்பட்ட பகா எண்களையெல்லாம் சல்லடை முறையில் கண்டுபிடிப்பதற்கே சில வினாடிகள்தாம் ஆகும்.

எங்கே காத்திருக்கிறோம்?

"அப்படியானால் எங்கள் வீட்டுக் கணிப்பொறி ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. பெரும்பாலும் குற்றவாளி நுண்செயலி அன்று. நாம் காத்திருக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது, வன்தட்டு. மடிக்கணிப்பொறிகளில் பெரிதும் பயன்பட்ட வன்தட்டு நிமிடத்திற்கு 5400 முறை சுழல்வது. அதாவது வினாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிவினாடி. வேண்டிய தகவல் தட்டின் எப்பகுதியில் உள்ளதோ அது படிப்பு முனைக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனை உரிய தடத்துக்கு நகர ஏறத்தாழ 10 மில்லிவினாடி ஆகும். ஆக, ஒவ்வொரு சிறு தகவலையும் எடுத்துவர 15 மில்லிவினாடி. கணிப்பொறியை இயக்கியதும் அது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கிறது. 3000 முறை தட்டை நாடினால் 45 வினாடி ஆகிவிடுமே! சுழலும் பகுதி எதுவும் இல்லாத திண்மநிலைச் சேமிப்பகம், அதாவது கடைகளில் எஸ்.எஸ்.டி. என்று சொல்லப்படுவது, ஒரு முறைக்கு ஏறத்தாழ 0.1 மில்லிவினாடிதான் எடுத்துக்கொள்ளும். அதே 3000 முறைக்கு 0.3 வினாடி. இங்கே வேகம் 150 மடங்கு கூடுகிறது. நுண்செயலியில் எந்த மாற்றமும் இல்லை.

இரண்டாவது, நினைவகம். கதிரடிக்கும் களத்தை எண்ணிக்கொள்ளுங்கள். களம் பெரியதாக இருந்தால் கட்டுகளையெல்லாம் ஒரே சமயத்தில் பரப்பி வேலையை முடிக்கலாம். களம் குறுகினால், பாதியைப் போரில் அடுக்கிவிட்டு, ஒவ்வொரு கட்டாகத் தூக்கி வருவதும் திருப்பி வைப்பதுமாகப் பொழுது போய்விடும். நினைவகம் நிறைந்துவிட்டால் கணிப்பொறியும் இவ்வாறே சேமிப்பகத்துக்கும் நினைவகத்துக்கும் இடையே அலைகிறது. இணையப் பக்கங்கள் பலவற்றை ஒரே நேரத்தில் திறந்து வைக்கும் இந்நாளில் 4 கிகாபைட் நினைவகம் குறைந்த அளவு. 8 கிகாபைட் இருந்தால் நிம்மதி.

மூன்றாவது, இணைய இணைப்பு. 3 மெகாபைட் அளவுள்ள ஓர் இணையப் பக்கம் என்பது 24 மெகாபிட். வினாடிக்கு 4 மெகாபிட் கொண்டுவரும் இணைப்பில் அது வந்து சேர 6 வினாடி ஆகும். எவ்வளவு விலையுயர்ந்த கணிப்பொறியை வைத்தாலும் அந்த 6 வினாடி குறையாது. பெரிய பெட்டி வாங்கினால் கைப்பேசிக் கோபுரம் நம் வீட்டருகே நகர்ந்து வந்துவிடுமா?

எனவே, கையில் உள்ள பணத்தை நுண்செயலியின் பெயருக்காகக் கொட்டுவதைவிட, சேமிப்பகத்துக்கும் நினைவகத்துக்கும் செலவிடுவதே அறிவுடைமை. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பல இலட்சம் மாணவர்கள் கணிப்பொறி பெற்றார்கள். அண்ணனுக்கோ அக்காவுக்கோ வந்த அந்தப் பெட்டி உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கலாம். அதைப் பழைய இரும்புக்குப் போடும் முன், வன்தட்டை எடுத்துவிட்டுத் திண்மநிலைச் சேமிப்பகம் பொருத்தி, லினக்ஸ் போன்ற இயங்குதளத்தை நிறுவிப் பாருங்கள். மடிக்கணிப்பொறியும் குறைந்த மின்சாரத்தில் ஓடுவதற்கென்றே அமைக்கப்பட்டதுதான்.

குறைந்த மின்சாரத்தின் இரகசியம்

இத்தனை சிறிய மின்திறனில் ஒரு நுண்செயலி எப்படி வேலை செய்கிறது? நுண்செயலிக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு மிகச் சிறு மின்தேக்கியை மின்னேற்றுவதும் மின்னிறக்குவதுமாக இருக்கிறது. இதில் செலவாகும் திறன், மின்தேக்குத்திறன், மின்னழுத்தத்தின் இருமடி, துடிப்பு வேகம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

'இருமடி' என்ற சொல்லில்தான் சூட்சுமம் உள்ளது. துடிப்பு வேகத்தைப் பாதியாக்குவோம். வேகம் குறைந்தால் குறைந்த மின்னழுத்தமே போதும் என்பதால், அதை 1.2 வோல்ட்டிலிருந்து 0.9 வோல்ட்டுக்குக் குறைக்கலாம் என்று கொள்வோம். மின்னழுத்தம் முக்கால் பங்கானதால் அதன் இருமடி 0.56 பங்காகிறது. வேகம் 0.5 பங்கு. இரண்டையும் பெருக்கினால் 0.28. வேகம் பாதிதான் குறைந்தது. மின்செலவோ கால் பங்குக்குச் சற்று மேலாக இறங்கிவிட்டது. மறுபக்கமாகப் பார்த்தால், கடைசிச் சிறிதளவு வேகத்துக்காகப் பெரிய பெட்டிகள் கொடுக்கும் விலை மிக அதிகம் என்பது விளங்கும்.

கேம்பிரிட்ஜில் தொடங்கிய பாதை

இந்தச் சிறு கணிப்பொறிகளின் வரலாற்றில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனம் 1981இல் பி.பி.சி. மைக்ரோ என்ற வீட்டுக் கணிப்பொறியை வெளியிட்டது. 2 மெகாஹெர்ட்ஸ் வேகம். அதன் பி வகையில் 32 கிலோபைட் நினைவகம். இந்திய அரசு 1984இல் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைப் பரப்ப 'கிளாஸ்' திட்டத்தைத் தொடங்கியபோது, தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு வந்தது இதே பி.பி.சி. மைக்ரோதான். நம் நாட்டின் முதல் தலைமுறைக் கணிப்பொறி மாணவர்களில் பலர் அந்த 32 கிலோபைட்டில் நிரல் எழுதப் பழகியவர்களே.

பின்னர் அதே நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகிய இருவரும் ஆர்ம் என்ற புதிய நுண்செயலியை வடிவமைத்தார்கள். விலை மலிவான பிளாஸ்டிக் உறையிலே அடைக்க வேண்டுமானால் சூடு குறைவாக இருக்க வேண்டும். ஆகவே 1 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட எல்லை. 1985 ஏப்ரலில் முதல் சில்லு வந்தது, வேலை செய்தது. அது எவ்வளவு மின்னோட்டம் எடுக்கிறது என்று அளந்தபோது அம்மீட்டர் சுழியைக் காட்டியது! ஆராய்ந்ததில், சோதனைப் பலகையில் சில்லுக்கு மின்வழங்கல் இணைப்பே கிடைத்திருக்கவில்லை என்று தெரிந்தது. மற்றச் சுற்றுகளிலிருந்து சமிக்ஞைக் கம்பிகள் வழியாகக் கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. இன்று உலகெங்கும் கைப்பேசிகளில் இருப்பது அந்த ஆர்ம் வழிவந்த நுண்செயலிகளே.

அதே கேம்பிரிட்ஜில், மாணவர்கள் நிரல் எழுதிப் பழகுவது குறைந்துவருகிறதே என்ற கவலையில் எபன் அப்டன் முதலியோர் தொடங்கிய முயற்சியே ராஸ்பெரி பை. 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் அது வெளிவந்தது. 2020இல் விசைப்பலகைக்குள்ளேயே கணிப்பொறி முழுவதும் அடங்கிய 400ஆம் வடிவம் வந்தது. 2023இல் வந்த 5ஆம் வடிவத்தின் துடிப்பு வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், பழைய பி.பி.சி. மைக்ரோவைப் போல் 1200 மடங்கு. அதுவும் நான்கு கருக்கள் சேர்ந்தது. சும்மா இருக்கும் வேளையில் அது எடுப்பது ஏறத்தாழ 3 வாட். கடுமையாக உழைக்கும் வேளையில் 10 வாட் அளவில். இன்டெல் நிறுவனமும் 2023இல் 6 வாட் என மதிப்பிடப்பட்ட என்-100 நுண்செயலியை வெளியிட்டது. அதைக் கொண்ட சிறு பெட்டிகள் விண்டோஸ் இயங்குதளத்தையும் தடையின்றி ஓட்டும்.

நம் நாட்டிலும் முயற்சிகள் நடந்தன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலரும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கிய 'சிம்ப்யூட்டர்' 2001ஆம் ஆண்டளவில் உலகின் கவனத்தை ஈர்த்தது. கைக்குள் அடங்கும் கருவி; இந்திய மொழிகளில் பேசும். ஆயினும் அது பரவவில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வடிவமைக்கப்பட்ட 'சக்தி' நுண்செயலி 2018இல் சண்டிகர் ஆலையில் சில்லாக வார்க்கப்பட்டது. சிம்ப்யூட்டரின் கதை நமக்கு ஒன்றைச் சொல்கிறது. கருவி மலிவாக இருந்தால் மட்டும் போதாது. அதில் ஓடும் மென்பொருள்கள், கற்றுத்தரும் ஆசிரியர், பழுது பார்ப்பவர் எல்லாரும் வேண்டும். ராஸ்பெரி பை பரவியதற்குக் காரணம் அதைச் சுற்றி எழுந்த நூல்களும் மென்பொருள்களும் ஆர்வலர் கூட்டமும்தான்.

மின்சாரக் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முந்தைய பெட்டி வகைக் கணிப்பொறியும் திரையும் சேர்ந்து 100 வாட் எடுப்பதாகக் கொள்வோம். சிறு கணிப்பொறிக்கு 8 வாட், எல்.இ.டி. திரைக்கு 20 வாட், ஆக 28 வாட். நாளொன்றுக்கு 5 மணி நேரம், இரண்டு மாதத்தில் 300 மணி நேரம் பயன்படுத்தினால், பெரியது 30 யூனிட் செலவழிக்கும்; சிறியது 8.4 யூனிட். 2016இல் தமிழக அரசு வீட்டு மின் இணைப்புகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை என்று அறிவித்ததை அறிவீர்கள். அந்த 100 யூனிட்டை அளவுகோலாக வைத்துப் பாருங்கள். பெரிய பெட்டி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தானே விழுங்கிவிடுகிறது. மின்விசிறிக்கும் விளக்குக்கும் மிஞ்சுவது குறைகிறது.

மின்வெட்டு நேரத்தில் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். 2012ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் நின்றதைப் பெரியவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். வீட்டு இன்வெர்ட்டரில் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி மின்கலம் இருந்தால் அதில் அடங்குவது 1800 வாட்-மணி. மின்கலம் விரைவில் கெடாதிருக்கப் பாதியை மட்டும் பயன்படுத்தி, இழப்புகளையும் கழித்தால் 720 வாட்-மணி கைக்கு வரும். 100 வாட் பெட்டி அதில் 7 மணி நேரம் ஓடும். 28 வாட் அமைப்பு 25 மணி நேரத்துக்கு மேல் ஓடும். கூரையில் 100 வாட் சூரியத் தகடு ஒன்றை வைத்தாலே சிறு கணிப்பொறியின் அன்றாடத் தேவையான 140 வாட்-மணியை எளிதில் பெற்றுவிடலாம். நம் வெயில் அதற்காவது பயன்படட்டுமே!

நம் ஊர் வெயிலும் தூசியும்

வெயில் என்றதும் மற்றொரு செய்தி. கணிப்பொறி எடுக்கும் மின்னாற்றல் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. ஆற்றல் அழிவின்மை விதியிலிருந்து அது தப்ப முடியாது. 100 வாட் கணிப்பொறி கூடவே ஒரு 100 வாட் அடுப்பும்தான். கத்திரி வெயிலில் 40 டிகிரி தகிக்கும் ஓட்டு வீட்டிலே யார் அடுப்பை அருகில் வைத்துக்கொண்டு படிப்பார்கள்?

பெரிய பெட்டிக்குள் விசிறி சுழன்று காற்றை இழுக்கிறது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் நிறைந்த அரியலூர்ப் பகுதியில், சாலையோர வீடுகளில் அது காற்றை மட்டுமா இழுக்கும்? தூசி படிந்து விசிறி அடைத்துக்கொள்ளும், சூடு ஏறும், வேகம் இறங்கும். விசிறி இல்லாமல் அலுமினியத் தகட்டினாலேயே குளிரும் சிறு கணிப்பொறிக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் ஒரு நேர்மையான எச்சரிக்கையும் தேவை. சில்லின் வெப்பநிலை, அறையின் வெப்பநிலைக்கு மேல் ஒரு குறிப்பிட்ட அளவு உயரும். அந்த உயர்வு 50 டிகிரி என்று கொண்டால், 20 டிகிரி குளிரில் உள்ள கேம்பிரிட்ஜ் அறையில் சில்லு 70 டிகிரியில் இருக்கும். நம் ஊர் மே மாதத்தில் 90 டிகிரியை எட்டப் பார்க்கும். ராஸ்பெரி பை போன்றவை 80 டிகிரியை நெருங்கியதும் தம்மைக் காத்துக்கொள்ளத் துடிப்பு வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். ஆகவே குளிர்நாட்டில் எடுத்த வேக அளவுகளை அப்படியே நம்பிவிடக் கூடாது. நல்ல வெப்பத்தகடு ஒன்றைப் பொருத்துங்கள். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். திடீரென மின்சாரம் நின்றால் நினைவட்டையில் உள்ள கோப்புகள் கெடக்கூடும். அட்டைக்குப் பதில் திண்மநிலைச் சேமிப்பகத்தை இணைத்து, முறையாக அணைத்துப் பழகுவது நல்லது.

எதற்கெல்லாம் போதாது?

எல்லா வேலைக்கும் இது போதும் என்று நான் சொல்லவில்லை. திருமண வீடியோவைத் தொகுப்பவருக்கும், முப்பரிமாணக் கட்டட வரைபடம் வரைபவருக்கும், புதிய கணிப்பொறி விளையாட்டுகளை ஆட விரும்புவோருக்கும் பெரிய பெட்டியே ஏற்றது. வீடியோவைப் பார்ப்பது எளிது. இன்றைய சில்லுகள் பலவற்றில் அதற்கென்றே தனிச் சுற்று உண்டு. வீடியோவைத் தொகுத்து உருவாக்குவதுதான் கடினம்.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்பீர்கள். மிகப் பெரிய மாதிரிகளைப் பயிற்றுவிப்பது எந்த வீட்டுக் கணிப்பொறியாலும் ஆகாத காரியம்; கடைக்காரர் காட்டும் பெரிய பெட்டிக்கும் அது எட்டாது. ஆனால் அதன் அடிப்படையைக் கற்கலாம். கையால் எழுதிய எண்களின் 60,000 சிறு படங்கள் கொண்ட புகழ்பெற்ற தொகுப்பு ஒன்று உண்டு. அவற்றை இனம்காணும் சிறு நரம்பு வலையமைப்பை நம் பத்து வாட் கணிப்பொறியிலேயே பயிற்றுவிக்க முடியும். அதற்குச் சில நிமிடங்கள் கூடுதலாகும். அந்த நேரத்தில் அது எப்படிக் கற்கிறது என்று சிந்திக்கலாம்.

"கைப்பேசிதான் இருக்கிறதே, அதுவும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் கணிப்பொறிதானே?" என்பது மற்றொரு கேள்வி. உண்மைதான், அதன் நுண்செயலி பல சமயம் சிறு கணிப்பொறியைவிட வேகமானதாகவும் இருக்கும். ஆயினும் அது பிறர் செய்ததைப் பார்க்கவே நம்மைப் பழக்குகிறது. காரைப் பக்கத்து ஓடைகளில் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்மோனைட் என்னும் கடலுயிரின் சுருள் ஓட்டுப் பதிவுகள் கிடைப்பதை அறிவீர்கள். அவற்றை அங்கிருந்து எடுத்துச் செல்லாமல், படம் எடுத்து வாருங்கள். படத்தில் மையத்திலிருந்து ஒவ்வொரு சுற்றும் எவ்வளவு விரிகிறது என்று அளந்து அட்டவணை இடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆரம் ஒரே விகிதத்தில் பெருகுகிறதா என்று பைத்தானில் பத்து வரி எழுதிச் சோதியுங்கள். அது மடக்கைச் சுருளா என்பது தெரிந்துவிடும். படம் எடுக்கக் கைப்பேசி உதவும். அட்டவணைக்கும் நிரலுக்கும் வரைபடத்துக்கும் விசைப்பலகையும் அகன்ற திரையும் வேண்டும்.

பள்ளிகளுக்கு ஒரு விண்ணப்பம்

20 கணிப்பொறிகள் உள்ள பள்ளி ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம். பெரிய பெட்டிகளானால் 2000 வாட். இரண்டு இஸ்திரிப் பெட்டிகளைச் சூடேற்றி அறைக்குள் வைத்ததற்குச் சமம். பிறகு அறையைக் குளிர்விக்க மேலும் மின்சாரம் வேண்டும். சிறு கணிப்பொறிகளானால் 560 வாட். நாளுக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 220 நாள் என்று கணக்கிட்டால் முன்னது 2640 யூனிட். பின்னது ஏறத்தாழ 740 யூனிட். மிச்சமாகும் 1900 யூனிட்டுக்கான பணத்தில் நூலகத்துக்கு நூல்கள் வாங்கலாம்.

பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரும், சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைத்துச் சொந்த ஊர்ப் பள்ளிக்கு உதவ விரும்பும் அன்பர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். ஐந்து பெரிய பெட்டிகளை வாங்கி, ஒன்றின் முன் எட்டு மாணவர்களை நிறுத்துவதா? அதே செலவில் கூடுதலான சிறு கணிப்பொறிகளை வாங்கி, இருவருக்கு ஒன்றாகக் கொடுப்பதா? எட்டாவதாக நிற்கும் மாணவியின் விரல் விசைப்பலகையில் படுவதே இல்லை. அவள் வேகத்தைப் பற்றி யார் அளந்தார்கள்?

நீங்களே அளந்து பாருங்கள்

இக்கட்டுரையில் உள்ள எண்களை நம்ப வேண்டாம், நீங்களே சோதியுங்கள். உங்கள் வீட்டு மின்னணு மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டு விட்டு ஒளிரும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை ஒளிரும் என்பது மீட்டரின் முகப்பிலேயே எழுதியிருக்கும். 3200 என்பது பரவலாகக் காணப்படும் எண். பெரியவர்களின் அனுமதியுடன், வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கணிப்பொறியையும் திரையையும் மட்டும் இயக்குங்கள். 5 நிமிடத்தில் எத்தனை முறை விளக்கு ஒளிர்கிறது என்று எண்ணுங்கள். 3200 எண் கொண்ட மீட்டரில், 100 வாட் அமைப்புக்கு ஏறத்தாழ 27 முறையும், 28 வாட் அமைப்புக்கு 7 அல்லது 8 முறையும் ஒளிரும். மீட்டரைத் தொடவோ திறக்கவோ வேண்டாம். கண்ணால் பார்த்தாலே போதும்.

அடுத்து, ஒரு நிறுத்து கடிகாரத்தால் மூன்று நேரங்களைக் குறியுங்கள்: கணிப்பொறி இயக்கத்துக்கு வர ஆகும் நேரம், ஒரு மென்பொருள் திறக்க ஆகும் நேரம், ஓர் இணையப் பக்கம் முழுதும் தோன்ற ஆகும் நேரம். அதே வேளையில் நுண்செயலி எத்தனை விழுக்காடு உழைக்கிறது என்பதைக் கணிப்பொறியே காட்டும். அதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வாரக் குறிப்பு போதும். உங்கள் காத்திருப்புக்குக் காரணம் வன்தட்டா, நினைவகமா, இணைப்பா, நுண்செயலியா என்பது கணக்கில் தெரிந்துவிடும். நுண்செயலிதான் காரணம் என்று வந்தால் தயங்காமல் பெரிய பெட்டியைக் கேளுங்கள். வேறொன்று என்று வந்தால், அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அப்பாவுடன் கடைக்குப் போங்கள். பேரம் பேச அதைவிட நல்ல துணை கிடையாது.